லீட்டாவின் தோளுக்கு ஒரு துப்பாக்கி

அந்த ஏப்ரல் காலையில் லீட்டா சுட்ட வான்கோழி சாகவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறக்கையைத் தரையில் இழுத்தபடியே ஓடி, தேவதாருப் புதருக்குள் மறைந்துவிட்டது. அவளும் அவள் அண்ணன் வெர்லினும் ஓடையின் இரண்டு கரையிலும் தேடினார்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் வான்கோழியைச் சுட எங்கள் மிசௌரி மாநிலத்தில் அனுமதி கிடையாது. மணி ஒன்றானதும் துப்பாக்கிகளை வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு மறுபடி போய்த் தேடினார்கள். ஓர் ஓக் இலையின் மேல் கொஞ்சம் ரத்தமும் சில இறகுகளும் கிடைத்தன. கோழி கிடைக்கவில்லை.

வண்டிக்குத் திரும்பியதும் வெர்லின் சொன்னான்: "கண்ண மூடிக்கிட்டுச் சுட்டா இப்படித்தான் ஆகும். நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். விசைய இழுக்கிறதுக்கு முன்னாடியே மூடிட்ட."

"நீயும் துப்பாக்கியோடதான பக்கத்துல உக்காந்திருந்த? அது நொண்டிக்கிட்டு ஓடுறப்ப நீ ஏன் சுடல?"

"உன் கோழி. நீதான் முடிச்சிருக்கணும்."

"அடிபட்டு ஓடுறதுல உன் கோழி என் கோழின்னு உண்டா?"

அவன் வண்டியைக் கிளப்பினான். "அடுத்த வருஷம் நீ வராத, லீட்டா. இந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேண்டாம்."

விடுப்பு முடிந்து திரும்பியதும், நாங்கள் வேலை பார்க்கும் இறைச்சி ஆலையில் கத்தி தீட்டிக்கொண்டே லீட்டா இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். அழவில்லை. அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று இடைவேளையில் ரொட்டியைப் பிரிக்காமலே மறுபடி பொட்டலத்தில் சுற்றி வைத்துவிட்டாள்.

எங்கள் ஊரில் பாதிப்பேருக்குச் சோறு போடுவது வான்கோழி ஆலைதான். வெள்ளை வான்கோழிகள் கொக்கியில் தொங்கியபடி வரும். நானும் லீட்டாவும் பக்கத்துப் பக்கத்தில் நின்று மார்புக்கறியை எலும்பிலிருந்து பிரிப்போம். ஐஸ்பெட்டி போலக் குளிரும் அந்த அறையில், ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்க வேண்டும். வலது கை மேலே போகும், உள்ளே செருகும், கீழே இழுக்கும். அதற்குள் அடுத்தது வந்துவிடும். நான் அங்கே சேர்ந்தபோது லீட்டாவுக்கு முடி கறுப்பு. அவளுக்கு ஒரு கணவன் இருந்தான். டெக்சாசில் நல்ல வேலை இருக்கிறது என்று பார்க்கப் போனவன் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறான். மகளைத் தனியாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். ஆலை, ஞாயிறு சர்ச், தோட்டத்துத் தக்காளி, இவ்வளவுதான் அவள் உலகம். ஏப்ரல் மூன்றாம் வாரம் மட்டும் விடுப்பு எடுப்பாள். விட்டுக்கொடுக்கவே மாட்டாள். அந்த வாரம் அண்ணனும் தங்கையும் அப்பா விட்டுப்போன மலைமுகட்டில் காட்டு வான்கோழிக்குக் காத்திருப்பார்கள்.

"வருஷம் பூரா வான்கோழிய வெட்டுற. லீவு போட்டும் வான்கோழிக்குத்தான் போவியா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இது வேற பறவை, பெர்னீஸ்," என்றாள். அதற்குமேல் விளக்கவில்லை.

அவளிடம் இருந்தது வெர்லின் கொடுத்த, பெரிய குழல் கொண்ட பன்னிரண்டு 'போர்' அளவுத் துப்பாக்கி. ஆண்பிள்ளைகளுக்கென்று செய்தது. அதில் வான்கோழிக்கான கனத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் கழுதை உதைத்ததுபோல இருக்கும் என்பாள். இளவயதில் அதைச் சிரித்துக்கொண்டே தாங்கினாள். ஆலை வேலையில் தோள்மூட்டுத் தசைநார் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்துகொண்டிருந்தது அவளுக்கே தெரியாது. உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. வலி வரப்போகிறது என்று அது முன்கூட்டியே கண்ணை மூடிக்கொண்டது.

அந்த ஆகஸ்டில் தோளை அறுத்துத் தைத்தார்கள். கையைக் கழுத்தில் தொட்டில் கட்டிக்கொண்டு இலையுதிர் காலம் முழுவதும் வீட்டில் இருந்தாள். நவம்பரில் நன்றி கூறும் நாள் விருந்துக்கு வெர்லினின் மனைவி நீவா கூப்பிட்டும் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. என் வீட்டுக்கு வந்து, இடது கையால் சோளரொட்டியைப் பிட்டுத் தின்றாள். அடிபட்ட அந்தக் கோழியைப் பற்றியே பேசினாள். இந்நேரம் குள்ளநரி தின்றிருக்கும் என்று நான் ஆறுதலாகச் சொன்னேன். "எப்பத் தின்னுச்சுங்கிறதுதான் கேள்வி," என்றாள்.

பிப்ரவரியில் டாக்டர் கையை விடுவித்தார். அடுத்த சனிக்கிழமையே என்னை டென்டன் கடைக்கு வண்டி ஓட்டச் சொன்னாள். டென்டன் அவளோடு பள்ளியில் படித்தவர். முன்பக்கம் மாட்டுத்தீவனம், பின்பக்கம் துப்பாக்கி விற்கிறார்.

"எதுக்கு?" என்றார்.

"வான்கோழிக்கு. உதைக்காததா ஒண்ணு வேணும்."

"உதைக்காத துப்பாக்கி இல்ல, லீட்டா. கம்மியா உதைக்கிறது இருக்கு. டாக்டர் என்ன சொன்னாரு?"

"'சுட்டே ஆகணுமா'ன்னாரு. ஆமான்னேன். 'அப்பக் கொஞ்சமா உதைக்கிறதா வாங்கு'ன்னாரு. அவரு மீன் புடிக்கிறவரு, அவருக்கென்ன."

டென்டன் சிரிக்கவில்லை. அவளுடைய பழைய துப்பாக்கியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். கடைக்குப் பின்னால் மண்மேட்டில் சுட்டுப் பழகும் காகிதம் கட்டியிருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டார். "லேசான தோட்டாதான். ஒண்ணே ஒண்ணு சுடு," என்று கையில் கொடுத்தார்.

லீட்டா தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை இழுத்தாள். 'டக்' என்றது, அவ்வளவுதான். அவர் போட்டது மருந்து இல்லாத வெற்றுத் தோட்டா. ஆனால் குழல் சட்டென்று தரையைப் பார்த்துக் குனிந்தது, தோள் பின்னால் போனது, முகம் சுருங்கிக் கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. வெடிக்காத துப்பாக்கிக்கு அவள் உடம்பு அப்படி நடுங்கியதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். "வெர்லின் சொன்னது நெசந்தான்," என்றாள்.

"எல்லாருக்கும் வர்றதுதான்," என்றார் டென்டன். "வலிச்ச உடம்பு மறக்காது. மறுபடி புதுசாச் சொல்லிக்கொடுக்கணும்."

முதலில் குழல் சின்னதாக, காற்றுப்போல லேசான ஓர் இருபது 'போர்' துப்பாக்கியைக் கொடுத்தார். தூக்கியதும் அவள் முகம் மலர்ந்தது. சுட்டதும் அந்த மலர்ச்சி போய்விட்டது. தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் குனிந்து நின்றாள்.

"சின்னதுதான, எப்படி இப்படி உதைக்குது?" என்று நான் கேட்டேன்.

"லேசா இருக்கிறதாலதாங்க. கனமான துப்பாக்கி பாதி உதைய அதுவே வாங்கிக்கும். லேசானது அப்படியே ஆளுகிட்டத் தள்ளிவிட்டுடும். பொம்பளைக்கு, புள்ளைங்களுக்குன்னு லேசாப் பாத்து வாங்கிக் கொடுக்கிறாங்க பாருங்க, அது நல்லது செய்யிறதா நெனச்சுச் செய்யிற கெடுதி."

அடுத்தது தானாகத் தோட்டா மாற்றிக்கொள்ளும் வகை. வெடிக்கும் புகையின் அழுத்தத்தில் ஒரு பங்கு அந்த இயந்திரத்தை ஓட்டப் போய்விடுமாம். அதனால் தோளில் உதையாக வராமல் தள்ளுவதுபோல வரும் என்றார். அது உண்மைதான். லீட்டா மூன்று தோட்டா சுட்டாள், வலிக்கவில்லை என்றாள். ஆனால் அது கனம். கோழி வருவதற்குள் துப்பாக்கியை ஏந்தியபடி அசையாமல் வெகுநேரம் இருக்க வேண்டும். மரத்தடியில் உட்கார்ந்து ஏந்திப் பார்த்தாள். கொஞ்ச நேரத்திலேயே முன்கை நடுங்கக் குழல்முனை வட்டம் போட்டது.

டென்டன் யோசித்தார். பிறகு உள்ளே போய், பென்சில் மாதிரி மெல்லிய குழல் கொண்ட ஒன்றை எடுத்துவந்தார். ஃபோர்-டென் என்பார்கள், இருப்பதிலேயே சின்ன வகை. எங்கள் ஊரில் அதை அணிலுக்கும் பாம்புக்கும்தான் வைத்திருப்பார்கள்.

லீட்டா கையை நீட்டவில்லை. "இன்னொரு கோழியக் காயப்படுத்தவா?"

"முன்னெல்லாம்னா நானே கொடுக்கமாட்டேன். இப்ப இதுக்கு டங்ஸ்டன் உலோகத்துல ரவை வந்திருக்கு. ஈயத்தவிடக் கனம். பொடிசா இருந்தாலும் ஆழமாப் போவும். ஆனா ஒண்ணு, முப்பது கஜம். அதுக்கு அந்தப்பக்கம் கோழி டான்ஸ் ஆடினாலும் நீ சுடக்கூடாது. முடியுமா உன்னால?"

"காத்திருக்கிறதா? எனக்கு வேற என்ன தெரியும்?"

வான்கோழித் தலை வரைந்த காகிதத்தை முப்பது கஜத்தில் கட்டினார். சுட்டாள். யாரோ தோளைத் தொட்டுக் கூப்பிட்டதுபோல இருந்ததாம். போய்ப் பார்த்தோம். தலையிலும் கழுத்திலும் ரவைகள் மிளகு தூவியதுபோல நெருக்கமாக விழுந்திருந்தன. லீட்டா அந்தக் காகிதத்தை விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தோளில் வைக்கும் கட்டை அவளுக்கு நீளம் என்று டென்டன் கொஞ்சம் அறுத்து, பின்னால் ரப்பர் மெத்தை வைத்துக் கொடுத்தார்.

மார்ச் முழுவதும் பழகினாள். மாலையில் டீவி பார்த்துக்கொண்டே வெற்றுத் தோட்டாவைப் போட்டு விசையை இழுப்பாள். கண் மூடுகிறதா என்று என்னை எதிரே உட்காரவைத்துப் பார்க்கச் சொல்வாள். முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் மூடியது. ஈஸ்டர் வந்தபோது மூடவில்லை.

செய்தி வெர்லினுக்குப் போகாமல் இருக்குமா? சர்ச்சில் மீன் வறுவல் விருந்தன்று, தட்டும் கையுமாக நின்ற கூட்டத்துக்கு நடுவில் சொன்னான்: "என் தங்கச்சி அணில் துப்பாக்கி வாங்கியிருக்காளாம். அதப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு வான்கோழி செத்தாத்தான் உண்டு."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிச்சுச் செத்தாலும் செத்ததுதான்," என்றாள் லீட்டா. "காயத்தோட ஓடாதுல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. நீவா மட்டும் ஆரம்பத்திலிருந்தே சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். பாத்திரம் கழுவும் இடத்தில் லீட்டாவின் பக்கத்தில் வந்து நின்று, "நாளைக்கு வீட்டுக்கு வா. அந்தத் துப்பாக்கியவும் எடுத்துட்டு வா," என்றாள். தனியாகப் போக லீட்டாவுக்கு மனமில்லை. நானும் கூடப் போனேன்.

வெர்லின் சமையலறை மேசையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தான். நல்ல உயரம், இடதுகைக்காரன், துப்பாக்கியையும் இடது தோளில்தான் வைப்பான், அறுபத்தாறு வயது. லீட்டா துப்பாக்கியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டி, மேசைமேல் வைத்தாள்.

"எடுத்துப் பாரு," என்றாள்.

அவன் தொடவில்லை. "விளையாட்டுச் சாமான நான் எதுக்குத் தூக்கணும்?"

"சட்டப் பொத்தானக் கழட்டு, வெர்லின்," என்றாள் நீவா.

"நீ சும்மா இரு."

"நீ கழட்டுறியா, நான் வந்து கழட்டட்டுமா? விருந்தாளி இருக்காங்கன்னு பாக்கமாட்டேன்."

அவன் ஜன்னலைப் பார்த்தபடி பொத்தான்களைக் கழற்றினான். இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், பழைய பாக்கெட் கடிகாரம் அளவுக்கு ஒரு மேடு. மேலே தழும்பு.

"இதயத்த ஓட்டுற பேஸ்மேக்கர்," என்றாள் நீவா. "ரெண்டு வருஷம் ஆகப்போகுது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆஸ்பத்திரியில வச்சாங்க. அந்தப் பக்கம் துப்பாக்கிக்கட்ட படவே கூடாது, கம்பி நகந்துடும்னு சொல்லி அனுப்பினாங்க. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கினாரு. நேத்து அந்தப் பேச்சக் கேட்டப்புறம் எனக்குச் சத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

லீட்டா உட்கார்ந்தாள். "போன வருஷம் நீ தூக்கிட்டு வந்த துப்பாக்கி?"

"தோட்டா போடல."

"அன்னிக்குமா?"

"அன்னிக்கும்தான்."

நான் என் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது எத்தன நாள் புதருக்குள்ள கெடந்துச்சோ," என்றாள் லீட்டா. குரல் உயரவில்லை. "நீ சொல்லியிருந்தா நான் ரெண்டாவது தோட்டாவுக்கு ரெடியா இருந்திருப்பேன். நீ முடிச்சிருவன்னு ஒரு நொடி உன்னப் பாத்தேன், வெர்லின். அந்த நொடியிலதான் அது போயிருச்சு. வருஷம் பூரா என் தப்புன்னே தூக்கிச் சுமந்தேன்."

"உன் தப்பும்தான்."

"ஆமா. என் தப்பும்தான்."

அவன் பொத்தான்களைப் போட்டுக்கொண்டான். ஒன்று மாறிப் போய்விட்டது. "அப்பா எழுவத்தொம்பது வயசுல சுட்டாரு," என்றான். "நான் வெறும் இரும்பச் சுமந்துக்கிட்டுத் திரியிறேன்னு எல்லாருகிட்டயும் சொல்லச் சொல்றியா?"

"எல்லாருகிட்டயும் வேண்டாம். என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அண்ணனை மன்னித்துவிடு என்று அவளிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, வண்டியை ஓட்டினேன்.

வேட்டைக்காலம் தொடங்கிய முதல்நாள் அவள் தனியாகவே முகட்டுக்குப் போனாள். வெளிச்சம் வருமுன்பே அவளுடைய ஓக் மரத்தடியில் யாரோ உட்கார்ந்திருந்தது தெரிந்ததாம். வெர்லின். மடியில், தேய்த்தால் பெட்டை வான்கோழிபோலக் குரல் எழுப்பும் சின்ன மரப்பெட்டி மட்டும் இருந்தது.

"துப்பாக்கி எங்க?"

"வீட்டுல. சும்மா எதுக்குத் தூக்கணும்?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். விடிந்ததும் அவன் மரப்பெட்டியைத் தேய்த்துக் கூப்பிட்டான். ஒரு வான்கோழிச் சேவல் பதில் கொடுத்துக்கொண்டே வந்து, தூரத்தில் திறந்தவெளியில் நின்று வாலை விரித்து அங்கேயே சுற்றியது. கிட்டே வரவில்லை. பெரிய துப்பாக்கியென்றால் எட்டும் தூரம். வெர்லின் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள். சேவல் போய்விட்டது. அண்ணன் வாயை மூடிக்கொண்டிருந்தது அதுவே முதல்முறை என்று என்னிடம் சொன்னாள்.

இரண்டாவது வாரம் ஒரு மழைக்காலையில் வேறொரு சேவல் சத்தமே போடாமல் பக்கவாட்டில் வந்தது. வரட்டும் வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். அதன் தலையில் நீலமும் சிவப்பும் தனித்தனியாகத் தெரிகிற தூரத்துக்கு வந்து கழுத்தை நீட்டியது. சுட்டாள். நின்ற இடத்திலேயே விழுந்தது.

"விழுறதப் பாத்தேன், பெர்னீஸ்," என்றாள். "எத்தனையோ வருஷத்துக்கப்புறம் கண்ணத் தெறந்துக்கிட்டுப் பாத்தேன். அது ஒண்ணும் சந்தோஷமான காட்சி இல்ல. ஆனா பாக்கணும். செய்யிறவ பாக்கணும்."

அந்தக் கோடையில் அவள் ஆலையில் கத்தியை ஒப்படைத்துவிட்டு, வேலையங்கி துவைத்துக் கொடுக்கும் பகுதிக்கு மாறினாள். சம்பளம் குறைவு, தோளுக்கு நல்லது. வெர்லின் டாக்டரிடம் போய் வலது தோளில் வைத்துச் சுடலாமா என்று கேட்டான். லேசான துப்பாக்கியென்றால் பார்க்கலாம் என்றார்கள். லீட்டாவின் ஃபோர்-டென்னை இரவல் வாங்கிப் போனான். அறுபத்தேழு வயதில் கைமாற்றிப் பழகுவது எளிதல்ல. குறிபார்க்கும்போது அவனுக்கு இடது கண்தான் முந்தும். மூக்குக்கண்ணாடியின் அந்தப் பக்கம் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டு மேய்ச்சல் வெளியில் நின்று தகரடப்பாக்களைத் தவறவிட்டுக்கொண்டிருந்தான். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். அவனும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டான். அடுத்த வசந்தத்தில் ஒரு சேவலைத் தவறவிட்டான், முழுதாகத்தான், ஒரு இறகுகூட விழவில்லை. "அதுக்கு வயித்து வலி வந்திருக்கும், சிரிச்சு," என்றாள் லீட்டா. அவனே முதலில் சிரித்தான். அதற்கடுத்த வருடம் ஒன்றைச் சுத்தமாக வீழ்த்தினான். மார்புக்கறியை நீவா மாவில் புரட்டிப் பொரித்தாள். எங்கள் வீட்டுக்கும் ஒரு தட்டு வந்தது.

அந்த டிசம்பரில் வெர்லின் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, இரண்டே நாளில் போய்விட்டான். இதயம் கடைசிவரை ஒழுங்காகத்தான் ஓடியது. நிலம் உறைந்திருந்ததால் குழி வெட்ட இயந்திரம் கொண்டுவந்தார்கள். லீட்டா கல்லறையருகே கையுறை இல்லாமல் நின்றாள். யாரோ கொடுத்தபோதும் வாங்கவில்லை.

ஏப்ரலில், "துணைக்கு வர்றியா? சுடவேண்டாம், உக்காந்திருந்தாப் போதும்," என்று என்னிடம் கேட்டாள். நான் போனேன். ஈர இலைமேல் பழைய மெத்தையைப் போட்டு உட்கார்ந்தோம். டாக்வுட் மரத்தின் பூக்கள் இருட்டிலேயே வெள்ளையாகத் தெரிந்தன. அவள் அண்ணனின் மரப்பெட்டியை எடுத்து மெல்லத் தேய்த்தாள். சரியாக வரவில்லை, அது எப்போதும் அவன் வேலையாக இருந்தது. மறுபடி தேய்த்தாள்.

பள்ளத்தாக்கின் அந்தப்பக்கத்திலிருந்து ஒரு சேவல் கொக்கரித்தது. குரல் மலையில் மோதி உருண்டு எங்களிடம் வந்தது. இத்தனை ஆண்டு வான்கோழிகளோடு என் கை வேலை செய்திருக்கிறது. உயிரோடு ஒன்று கூவி நான் கேட்டதே இல்லை.

"வருமா?" என்று கிசுகிசுத்தேன்.

"தெரியல," என்றாள் லீட்டா. "பேசாம இரு."